இடது பக்கம் காலி

என் போனில் அவர் இன்னும் 'இன்சூரன்ஸ் அக்கா' என்றுதான் இருக்கிறார். பாலிசித் தாளின் அடியில் ஏஜென்ட் பெயர் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதையெல்லாம் யார் படித்தார்கள்? எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் இன்சூரன்ஸ் அக்காதான். அவரைவிடப் பத்து வயது மூத்த ஆட்கள்கூட அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, அப்புறம் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு, பூப்போட்ட பாலியெஸ்டர் புடவை, தோளில் கறுப்பு ரெக்சின் பை, கையில் குடை. குடிக்கத் தண்ணீரைக்கூட பாட்டிலில் கொண்டுவந்துவிடுவார், நம் வீட்டில் வாங்க மாட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் எத்தனையோ கார்களுக்கு அவர்தான் பாலிசி போட்டார். ஆனால் ஒரு காருக்குள் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓர் ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரர், பஸ் ஸ்டாண்டில் விட்டுவிடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டுப் பார்த்தார். அக்கா குடையை விரித்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவில் ஓடிய சாக்கடைத் தண்ணீரில் இறங்கி நடந்துவிட்டார். எனக்குக்கூட பொசுக்கென்று கோபம் வந்தது. எங்கள் வண்டி அவ்வளவு மட்டமா என்று.

அவர் வேலை செய்யும் விதம் வேறு எந்த ஏஜென்டிடமும் கிடையாது. மற்றவர்கள் ஆர்.சி. புத்தகத்தை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டு பாலிசியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். இவர் நேரில் வருவார். குடும்பம் முழுக்க வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து வருவார். வந்ததும் சொல்கிற வார்த்தை ஒன்றுதான்.

"எல்லாரும் வண்டியில ஏறி எப்பவும் போல உக்காருங்க."

எஞ்சின் போடக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட வேண்டும். நாங்கள் உள்ளே புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் வண்டியை மெதுவாகச் சுற்றி வருவார், ஒவ்வொரு கண்ணாடிக்கு எதிரிலும் நிற்பார், குனிந்து உள்ளே பார்ப்பார். வண்டியைத் தொட மாட்டார். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியாது. அது முகத்தில் நிற்காது. நாம் சாய்ந்திருக்கிற அதே சீட்டில் நமக்குப் பின்னால் இன்னொருத்தர் சாய்ந்திருப்பதைப் போல, கொஞ்சம் தள்ளிப் பார்ப்பார். முதல் தடவை நான் திரும்பியே பார்த்துவிட்டேன். பின்னால் சீட் துணிதான் இருந்தது.

பார்த்து முடித்ததும் பானெட் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன் மேல் நோட்டை வைத்துக் கேள்வி கேட்பார். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள். சாப்பிட்ட கையோடு வண்டி எடுப்பீர்களா. வீட்டில் சண்டை வந்தால் யார் சாவியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. இதற்கு என் வீட்டுக்காரர் என்னைக் கைகாட்டினார், அதற்கு ஒரு தனிச் சண்டை நடந்தது. கடைசிக் கேள்வி மட்டும் எப்போதும் மாறாது. வாடகைக்கு விடுகிறீர்களா? நாம் என்ன பதில் சொன்னாலும், "நீங்க சொல்றத எழுதிக்கிறேன்" என்பார். நம்புகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

எதிர்வீட்டில் எங்களுடைய அதே மாடல் கார், அதே வெள்ளை. அவர்களுக்கு எங்களைவிடப் பிரீமியம் குறைச்சல். நான் விடுவேனா? அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். வண்டி எந்த வருஷத்தது, இன்றைக்கு விற்றால் என்ன விலை போகும், எஞ்சின் எவ்வளவு பெரிசு, சென்னையில் பதிந்ததா இங்கே பதிந்ததா, வெள்ளம் புகுந்தால் எஞ்சினுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறோமா, இவ்வளவும் சேர்ந்துதான் தொகை வருகிறதாம். எதிர்வீட்டுக்காரர்கள் நாலு வருஷமாக ஒரு கீறலுக்குக்கூடப் பணம் கேட்கவில்லை. நாங்கள் போன வருஷம் பம்பருக்கு வாங்கிவிட்டோம், அதனால் தள்ளுபடி போய்விட்டது. வாடகை வண்டி என்றால் எல்லாமே தலைகீழ், மஞ்சள் போர்டு, பிரீமியம் எங்கேயோ ஏறிவிடும். சொந்த உபயோகம் என்று எழுதிவிட்டு வாடகைக்கு ஓட்டி ஏதாவது ஆனால் ஏறினவர்களுக்கு ஒரு பைசா பெயராது.

"இதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்மா. எனக்குப் பாக்க வேண்டியது வேற இருக்குது" என்று நோட்டை மூடினார்.

அந்த 'வேற' என்ன என்று தெரு முழுக்கப் பேச்சு. எங்கள் தெருக்கோடியில் தறி வைத்து நடத்துகிற ஒரு தெலுங்குக் குடும்பம் உண்டு. ஏழு பேர் உட்காரும் பெரிய கார். அந்த வீட்டுப் பெரியவருக்குக் கடைசி வரிசையில் காலை நீட்டிக்கொண்டு வருவதுதான் சுகம். அக்கா ஒரு வருஷம் பின்கண்ணாடி வழியே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தாத்தாவை நடுவரிசைக்கு மாற்றச் சொன்னார். அவர் முனகிக்கொண்டே மாறினார். ஒரு மாதம் கழித்துக் கோயில் பக்கத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ் ரிவர்ஸ் எடுத்தபோது அந்தக் கடைசி வரிசை முழுக்க உள்ளே மடங்கிவிட்டது. அங்கே இருந்தது ஒரு வாழைத்தார் மட்டும்தான்.

அன்றிலிருந்து அக்கா வருகிற நாளில் சில வீடுகளில் வாசல் தெளித்துக் கோலம் போட ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா பூவும் பழமும் தட்டில் வைத்து நீட்டினார். அக்காவின் முகம் கறுத்துவிட்டது. பூவைத் தொடாமல் தாண்டிப் போனார்.

முசரவாக்கத்தில் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் இருந்தார். அவர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வருஷம் வண்டியே எடுக்காதீர்கள் சார், பாலிசியே வேண்டாம் என்றாராம் அக்கா. கமிஷனை வேண்டாம் என்கிற ஏஜென்டை உலகத்தில் யாராவது பார்த்ததுண்டா? வாத்தியார் வேறொருவரிடம் பாலிசி போட்டார். வருஷம் முடிந்ததும், பார், எனக்கு என்ன ஆச்சு என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த வருஷம் முழுக்க அவர் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை என்று அவர் மருமகள் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

ஒரு தடவை நான் வாய் சும்மா இருக்காமல், உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் அக்கா என்று கேட்டுவிட்டேன். "நாலு பேரு இருந்தோம்" என்றார்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் மூன்று பேர். நான், என் வீட்டுக்காரர், அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்த மகள். என் வீட்டுக்காரர் பட்டுக்கடைகளுக்குக் கல்யாண பார்ட்டி பிடித்துக் கொடுக்கிறவர். முகூர்த்தப் புடவை எடுக்க வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்களைக் கடை கடையாக அழைத்துப் போவார், கடைக்காரர் கமிஷன் தருவார். முதலில் அவர்களை ஆட்டோவில் கூட்டிப் போனார். செகண்ட் ஹாண்டில் கார் வாங்கினதும், நானே வந்து கூட்டிக்கொண்டு போய் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று ஆரம்பித்தார். கமிஷனோடு கார் வாடகையும் சேர்ந்து வந்தது. போர்டு என்னவோ வெள்ளைதான். அக்கா கேட்கும்போதெல்லாம், இல்லக்கா, குடும்பத்துக்கு மட்டும்தான் என்போம். எங்கள் தெருவில் பார்ட்டி பிடிக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். இதில் பொய் இருக்கிறது என்றே யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாவது வருஷம் அக்கா தை மாதம் வந்தார். நாங்கள் எப்பவும் போல உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில், நான் அவர் பக்கத்தில், மகள் என் பின்னால். அக்கா சுற்றி வந்தவர் என் வீட்டுக்காரரின் கண்ணாடியில் நின்றுவிட்டார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். என் வீட்டுக்காரருக்கு நெற்றியில் வியர்வை வழிந்தது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று வெளியிலிருந்தே கேட்டார். ஆறு மணி என்றார் இவர். மூன்று மணிக்கு எழுந்து வேலூர் பக்கம் போய்விட்டு வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

அக்கா அப்படியே சுற்றி மகள் பக்கம் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் அடைத்துக்கொண்டு கேட்டது. "இந்த வண்டியில வேற யாருனா ஏறுவாங்களா?"

மகள் வாயைத் திறந்துவிட்டாள். நான் சீட்டுக்கு நடுவில் கையை விட்டு அவள் தொடையைக் கிள்ளினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அக்கா என் கையைப் பார்த்தார்.

"இல்லக்கா. நாங்க மூணு பேருதான்" என்றேன்.

"சரி. அப்ப நீ எறங்கி பின்னாடி போமா, டிரைவருக்கு நேர் பின்னாடி. பாப்பா நடுவுல உக்காரட்டும். இந்தப் பக்கம் ரெண்டு சீட்டும் காலியா இருக்கட்டும்."

எதற்கு என்று கேட்டேன். "மூணு பேருக்கு அந்தப் பக்கமே போதும்மா" என்றார். அவ்வளவுதான். நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரும் வண்டியின் வலது பக்கம் ஒண்டிக்கொண்டு போனோம். முன்னால் அவர் தனியாக ஓட்ட, பின்னால் நானும் மகளும் ஒட்டிக்கொண்டு. இடது பக்கம் முன்னும் பின்னும் காலி. தெருவில் கேலி தாங்கவில்லை. என்னம்மா, டிரைவர் வச்சிக்கினியா என்பார்கள். என் வீட்டுக்காரரும் சிரிப்பார், ஆனால் அந்த சீட்டில் காய்கறிப் பையைக்கூட வைக்க மாட்டார். ஒரு நாள் மகள் தூக்கத்தில் இடது பக்கம் சாய்ந்துவிட்டாள். நான் அவளை இழுத்த இழுப்பில் அவள் தோள் சிவந்துவிட்டது. வெளியே வெயில் காய்கிறது, ரோட்டில் ஜனம் போகிறது, எனக்கு மட்டும் பக்கத்தில் அந்தக் காலி இடம் யாரையோ எதிர்பார்த்துக்கொண்டு வருவது போல இருக்கும். ஏசிக் காற்றுகூட அந்தப் பக்கமிருந்து வந்தால் முந்தானையைப் போர்த்திக்கொள்வேன்.

ஆனால் பார்ட்டி நிற்கவில்லை. பார்ட்டி என்றால் மூன்று பேர், நாலு பேர். இடது பக்கம் நிரம்பித்தான் போகும். முதல் சில தடவை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தேன். வண்டி திரும்பி வருகிறவரை சோறு இறங்காது. எல்லோரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் நானே மனசைத் தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அது நமக்கு ஆகாத இடம், அவர்களை என்ன செய்யப்போகிறது என்று. இப்படி நினைத்தது நான்தான், வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வைகாசி முகூர்த்த நேரம். முந்தின நாள் சென்னை பார்ட்டி, அன்றைக்கு விடியுமுன் கிளம்பி வேலூர் பார்ட்டி. கல்யாணப் பெண், அவள் அம்மா, தாய்மாமன். புடவை எடுத்து முடித்துப் பகல் இரண்டு மணிக்கு, பாத்ரூம் போக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பார்ட்டி வந்தால் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கம். பெண்ணின் அம்மா என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். வரும்போது பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டு முறை வாந்தியாம், முகம் வெளிறியிருந்தது. அப்படியும் முகூர்த்தப் புடவையைப் பிரித்துக் காட்டியே தீர வேண்டும் என்றார். அரக்குக் கலர், பச்சை பார்டர். என் மடியில் விரித்து, எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று மூன்று முறை கேட்டார். நான் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது நான்தான் சொன்னேன், முன்னாடி உட்காருங்கள், காற்று வரும், குமட்டாது என்று. முன்கதவைத் திறந்துவிட்டதும் நான்தான். அவர் ஏறினதும் புடவைப் பையை மடியில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சாத்தின பிறகுதான் நினைவு வந்தது. என் கை அப்படியே கண்ணாடியைத் தட்டியது. அவர் கண்ணாடியை இறக்கி, "என்னாமா?" என்று சிரித்தார்.

இறங்குங்கள் என்று சொன்னால் ஏன் என்பார். என்ன சொல்வது? இந்த சீட்டில் என் பெண்ணை உட்கார வைக்க மாட்டேன் என்பதையா? "பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன். கல்யாணத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பைபாஸில் ரோட்டோரம் நின்றிருந்த மணல் லாரி. இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு விலா எலும்பு. பெண்ணுக்குக் கை முறிவு, மாமனுக்குத் தலையில் தையல். அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார், க்ளெய்ம் பாரம் எழுத. அதற்கு முந்தின நாள் அந்தத் தாய்மாமன் எனக்குப் போன் செய்தார். வாடகை என்று சொன்னால் எதுவும் வராது என்கிறார்கள், சொந்தம் என்று சொல்லிவிடுங்கள் அம்மா, எங்கள் பொண்ணுக்கு அம்மாவும் இல்லை பணமும் இல்லை என்று ஆகிவிடக் கூடாது என்றார். அழாமல் சொன்னார்.

என் வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாரத்தை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி எதற்குப் போனது என்று கேட்டார். சொந்தக்காரர்களைக் கொண்டுபோய் விட என்றேன்.

"எந்த வழியில சொந்தம்?"

"எனக்கு ஒன்னு விட்ட அக்கா முறை" என்றேன்.

"நீங்க சொல்றத எழுதிக்கிறேன்" என்று எழுதினார். பிறகு கேஸ் முடிந்து பணமும் அந்தப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கேட்ட இடத்தில் எல்லாம் அந்த அம்மாவை அக்கா என்றுதான் சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்போது கனவில் அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுகிறார்.

பாரம் எழுதின அன்றைக்கு அக்கா கிளம்பியபோது வாசல் கேட் வரை அவர் பின்னாலேயே போனேன். அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் அவர் மேல் திரும்பியது. உங்களுக்கு முன்பே தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கத்தாத குறை. அவர் நின்றார்.

"தூக்கம் கெட்ட கண்ணு எனக்குத் தெரியும்மா. தூங்கறவன் வண்டி இடது பக்கம்தான் ஒதுங்கும். அங்கதான் லாரி நின்னுக்கினு இருக்கும். இத்தன வருஷமா அதத்தானே எழுதிக்கினு இருக்கறேன்."

"அப்ப அங்க யாருமே உக்காரக் கூடாதுன்னு சொல்லியிருக்கலாம் இல்லக்கா?"

"மூணு பேருன்னு சொன்ன. மூணு பேர எடம் பாத்து உக்கார வச்சேன். நாலாவது ஆளு என் தாளுல இல்லியேமா."

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை எனக்குப் பின்னால் பார்க்கவில்லை, நேராக முகத்தைத்தான் பார்த்தார்.

"அந்த அம்மாக்கு முன்சீட்ட யாரு குடுத்தது?"

இல்லை, தெரியாது, அவர்களே ஏறிவிட்டார்கள், எல்லாம் வாய் வரை வந்தது. அவர் கையில் பாரம் இருந்தது, பேனா மூடி திறந்திருந்தது.

"நான்தாங்க்கா. கதவத் தொறந்து விட்டதும் நான்தான். அப்புறம் நெனப்பு வந்துது. வந்தும் எறக்கல" என்றேன்.

அக்கா பேனாவை மூடினார். பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இத நான் எழுதிக்கலமா. இது உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.